தேயிலைத் துவர்ப்பும் நோய்க்கிருமிகளும்: மதுரைச் சமவெளியிலிருந்து ஒரு பார்வை

தேயிலைச் செடியின் இலைகளை நீரிலோ ஆல்கஹாலிலோ ஊறவைத்துப் பிரித்தெடுக்கும் சாறு சில நோய்க்கிருமிகளின் வளர்ச்சியைத் தடுக்கிறது. சிலவற்றைக் கொல்லவும் செய்கிறது. இது 100 ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்வகங்களில் பலமுறை காட்டப்பட்ட உண்மையாகும். அதே நேரத்தில், டீ குடித்ததால் டைபாய்டோ காலராவோ குணமாயிற்று என்பதற்குச் சான்று இல்லை. இந்த இரண்டு செய்திகளுக்கும் இடையில் உள்ள தூரத்தைப் புரிந்துகொள்ளாமல் எழுதப்படும் குறிப்புகள் இன்று கைப்பேசிகளில் நிறையச் சுற்றுகின்றன. தேயிலை மதுரைப் பகுதிக்கு வந்த கதையோடு சேர்த்துப் பார்த்தால் இந்தத் தூரம் தெளிவாகத் தெரியும்.

துவர்ப்பு என்னும் சுவை

தேயிலையை அறிவதற்கு வெகுகாலம் முன்பே மதுரைச் சமவெளி மக்கள் துவர்ப்பை அறிந்திருந்தார்கள். வாந்திபேதிக்கும் வயிற்றுப்போக்குக்கும் வீடுகளில் கொடுக்கப்பட்டவை பெரும்பாலும் துவர்ப்புப் பொருள்களே: கடுக்காய், மாதுளை ஓடு, இளம் கொய்யா இலை. பல்வலிக்கு ஆலம்பட்டை. சோழவந்தான் வெற்றிலையோடு பாக்கும் சுண்ணாம்பும் சேர்த்து மெல்லும்போது சிலர் அதில் காசுக்கட்டியும் வைப்பார்கள். கருங்காலி இனத்தைச் சேர்ந்த மரத்தின் வைரப்பகுதியைக் காய்ச்சி இறுக்கி எடுப்பதே காசுக்கட்டி. நாக்கைச் சுருக்கென்று பிடிக்கும் அதன் துவர்ப்பு வெற்றிலை போடும் எவருக்கும் தெரியும்.

இதே துவர்ப்பு தொழிலிலும் பயன்பட்டது. திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். இரசாயன முறைகள் பரவுவதற்கு முன்பு தோலைப் பதப்படுத்த ஆவாரம்பட்டையை ஊறவைத்த நீரே முதன்மையாகப் பயன்பட்டது. பச்சைத் தோலை அப்படியே விட்டால் இரண்டு நாளில் அழுகிவிடும். ஆவாரம்பட்டை நீரில் ஊறிய தோல் ஆண்டுக்கணக்கில் அழுகாது. கடற்கரை ஊர்களில் பருத்தி வலைகளைத் துவர்ப்பு மரப்பட்டைச் சாற்றில் தோய்த்து எடுப்பதும் வலை மக்கிப் போகாமல் இருப்பதற்காகத்தான்.

காரணம் எளியது. துவர்ப்புப் பொருள்கள் புரதத்தைப் பற்றிக்கொள்ளும். நாக்கில் உள்ள உமிழ்நீர்ப் புரதத்தைப் பற்றும்போது நமக்கு வாய் வறண்டதுபோல் இருக்கிறது. தோலின் புரதத்தைப் பற்றும்போது கிருமிகள் அதைச் சிதைக்க முடியாமல் போகிறது. கிருமியின் மேலுறையிலும் அது சுரக்கும் நொதிகளிலும் நச்சுகளிலும் உள்ள புரதங்களைப் பற்றினால் கிருமியே முடங்குகிறது. தேயிலையின் கிருமி எதிர்ப்புத் தன்மையின் ஒரு பகுதி இந்தப் பழைய திறனேதான்.

பெயரிலும் ஓர் உறவு உண்டு. தேயிலையில் உள்ள முதன்மையான துவர்ப்புப் பொருள்களுக்கு வேதியியலில் கேட்டக்கின்கள் என்று பெயர். அந்தப் பெயர் வந்தது தேயிலையிலிருந்து அன்று. காசுக்கட்டியின் ஐரோப்பியப் பெயரான 'கேட்டிச்சு' என்பதிலிருந்து. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய வேதியியலாளர்கள் காசுக்கட்டியிலிருந்து பிரித்தெடுத்த பொருளுக்கு இட்ட பெயர் பின்னர் தேயிலைக்கும் வந்து சேர்ந்தது. நம் வெற்றிலைப் பெட்டியில் கிடந்த ஒன்றின் பெயரால்தான் இன்று உலகம் முழுவதும் தேயிலை ஆராய்ச்சி நடக்கிறது என்று வகுப்பில் சொன்னால் மாணவர்கள் ஒரு நிமிடம் நிமிர்ந்து உட்காருவார்கள்.

மலையிலிருந்து இறங்கி, நம்மைக் கடந்து போன இலை

மதுரையின் மேற்கு அடிவானத்தில் தெரியும் மலைகளில் தேயிலை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேரூன்றியது. 1877இல் ஜே. டி. மன்றோ பூஞ்சார் அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். காப்பி, சின்கோனா என்று பலவற்றை முயன்ற பிறகு தேயிலையே நிலைத்தது. சின்கோனா மலேரியாக் காய்ச்சலுக்கான கொய்னா மருந்தைத் தரும் மரம். மருந்துக்கென்று நட்ட மரம் மறைந்து, பானத்துக்கென்று நட்ட செடி மலையை மூடியது.

மூணாற்றுத் தேயிலை கடலுக்குப் போன வழி நம் சமவெளியே. பெட்டிகள் டாப் ஸ்டேஷன் வரை சென்று, அங்கிருந்து கம்பிவடப் பாதையில் கொட்டகுடிக்கு இறங்கும். பின்னர் மாட்டு வண்டியில் போடிநாயக்கனூர். அங்கிருந்து ரயில் நிலையத்துக்குச் சென்று தூத்துக்குடித் துறைமுகம் வழியாக இங்கிலாந்து. மூணாற்றின் சிறு ரயில் பாதையை 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அழித்தது. 1928இல் மதுரை–போடி ரயில் பாதை திறக்கப்பட்டது. இத்தனை ஆண்டுகளாகத் தேயிலைப் பெட்டிகளைச் சுமந்த வண்டிக்காரர்களில் எத்தனை பேர் தேநீரைச் சுவைத்திருப்பார்கள்? அன்றைய கிராமத்துப் பானங்கள் நீராகாரமும் மோரும் கம்பங்கூழும்தான்.

தேயிலைக்கும் நோய்க்கும் இங்கே இன்னொரு தொடர்பு இருந்தது. 1869இல் இலங்கையின் காப்பித் தோட்டங்களில் துரு நோய் என்னும் பூஞ்சை நோய் பரவி அத்தொழிலையே அழித்தது. அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. ஒரு நுண்ணுயிர் காப்பியைக் கொன்றதால்தான் இலங்கை தேயிலை நாடானது. தேயிலைக்குக் காப்பியைவிட அதிகமான ஆட்கள் ஆண்டு முழுவதும் தேவைப்பட்டார்கள். மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சி, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து கங்காணிகள் மூலம் குடும்பம் குடும்பமாக மக்கள் சென்றார்கள். மன்னார் வழியாகக் காட்டுப் பாதையில் நடந்தவர்களில் பலர் வழியிலேயே வாந்திபேதியில் மாண்டார்கள். இலங்கை அரசு பின்னாளில் மண்டபத்தில் ஒரு முகாம் அமைத்து, கப்பல் ஏறுவதற்கு முன் தொழிலாளர்களைத் தடுத்து வைத்துக் காலரா, அம்மை, பிளேக் ஆகியவை உள்ளனவா என்று பார்த்தே அனுப்பியது. 'மண்டபம் கேம்ப்' என்ற ரயில் நிலையப் பெயர் அதன் மிச்சமாகும். கிருமிகளைக் கொல்லும் என்று இன்று நாம் பேசும் இலையைப் பறிக்கப் போனவர்கள், கிருமிகளைச் சுமப்பவர்கள் என்ற ஐயத்தோடு நடத்தப்பட்டார்கள்.

வெந்நீரே முதல் மருந்து

தேநீர் மக்களை நோயிலிருந்து காத்தது என்று சொல்வதற்கு வரலாற்றில் நல்ல சான்று உண்டு. ஆனால் காத்தது இலையா, கொதிநீரா என்பதே கேள்வி.

1784இல் இங்கிலாந்து தேயிலை மீதான வரியை 119 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாகக் குறைத்தது. ஏழைகளும் தேநீர் குடிக்கத் தொடங்கினார்கள். கிருமிக் கொள்கையே பிறக்காத காலம் அது. தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அமெரிக்கப் பொருளியலாளர் பிரான்சிஸ்கா ஆன்ட்மன் அக்காலத்துத் திருச்சபைப் பதிவேடுகளை ஆராய்ந்து, தண்ணீர் மோசமாக இருந்த ஊர்களில் தேநீர் பரவிய பிறகு இறப்பு அதிகமாகக் குறைந்திருப்பதைக் காட்டியிருக்கிறார். நல்ல தண்ணீர் இருந்த ஊர்களில் அந்த அளவு மாற்றம் இல்லை. இலையின் வேதிப்பொருளே காரணம் என்றால் இரு வகை ஊர்களிலும் பயன் ஒத்திருக்க வேண்டும். தண்ணீரைப் பொறுத்து அது மாறியது கொதிக்கவைத்தலை நோக்கியே கைகாட்டுகிறது.

நம் நாட்டில் இதைத் தெளிவாகச் சொன்னவர் தேநீரை விரும்பாத ஒருவர். காந்தியடிகள் 1942இல் ஆகா கான் மாளிகைச் சிறையில் எழுதத் தொடங்கிய ஆரோக்கியம் பற்றிய நூலில், சீனாவில் குடிநீரை நம்ப முடியாததால் காய்ச்சவேண்டியிருந்தது என்றும், நீர் உண்மையில் கொதித்ததா என்பதை அறியத் தேயிலையின் நிறம் ஒரு சோதனையாகப் பயன்பட்டது என்றும் விளக்குகிறார். தேயிலையை நீண்டநேரம் ஊறவிட்டால் இறங்கும் துவர்ப்புச் சத்து உடலுக்குக் கேடு என்பதும் அவர் கருத்து. மதுரையில் 1921இல் மேலாடையைத் துறந்த அவரை இங்குள்ள காந்தி அருங்காட்சியகத்தில் பார்க்கும் மாணவர்கள், தேநீரைப் பற்றி அவர் இவ்வளவு அறிவியல் நோக்கோடு எழுதியிருப்பதையும் தேடிப் படிக்கலாம். நிறம் இறங்குவது முழுமையான சோதனை ஆகாது. வெதுவெதுப்பான நீரிலும் தேயிலை மெதுவாக நிறம் விடும். எனினும் கருத்தின் போக்கு சரியானது.

மதுரைப் பகுதியில் டீ பரவியது 20ஆம் நூற்றாண்டில்தான். 1903இல் தேயிலை மீது ஒரு வரி விதிக்கப்பட்டு, அந்தப் பணத்தில் தேயிலையைப் பிரபலப்படுத்தும் வேலை தொடங்கியது. முதலில் வெளிநாட்டுச் சந்தையை நோக்கிச் சென்ற இந்த முயற்சி, 1930களின் பொருளாதார மந்தத்தில் விலை வீழ்ந்தபோது உள்நாட்டின் பக்கம் முழுவீச்சில் திரும்பியது. ரயில் நிலையங்களில் எனாமல் பலகைகள், டீ போடும் முறையைக் காட்டும் செய்முறை விளக்கங்கள், சந்தைகளில் இலவசக் குவளைகள் என்று விளம்பரம் நடந்தது. காப்பி நடுத்தர வீடுகளின் அடையாளமாகவும் டீ உழைப்பாளிகளின் பானமாகவும் பிரிந்ததை வரலாற்றாய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி விரிவாக எழுதியுள்ளார். 1890களிலேயே இயங்கத் தொடங்கியிருந்த ஹார்வி ஆலை போன்ற பஞ்சாலைகளின் ஷிப்டு நேரத்துக்கும் டீக்கடைக்கும் நல்ல பொருத்தம் ஏற்பட்டது. 1930இல் அஸ்ஸாமில் வில்லியம் மெக்கெர்ச்சர் உருவாக்கிய, இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் இயந்திரம் பின்னாளில் பரவியபோது, குறைந்த விலையில் கெட்டியான நிறம் தரும் டீத்தூள் எல்லா ஊர்களுக்கும் வந்தது.

அந்தக் காலத்துத் தண்ணீரை நினைத்துப் பார்க்கவேண்டும். வைகை மணலில் தோண்டிய ஊற்று, ஊருணி, கிணறு ஆகியவையே குடிநீர். 1876–78 பெரும்பஞ்சத்தில், அதாவது தாது வருடப் பஞ்சத்தில், பட்டினியோடு காலராவும் சேர்ந்து சென்னை மாகாணம் முழுவதும் உயிர்களைக் குடித்தது. திருவிழாக் கூட்டங்களில் காலரா பரவும் என்ற அச்சம் நெடுங்காலம் இருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் பாய்லரில் கொதித்துக்கொண்டே இருக்கும் நீரில் போட்ட டீ, ஒரு வழிப்போக்கனுக்குச் சாலையோரத்தில் கிடைத்த பாதுகாப்பான பானங்களில் ஒன்றாக இருந்திருக்கும்.

ஆனால் டீக்கடையில் கொதிக்காத தண்ணீரும் உண்டு. கிளாஸ் அலசும் வாளித் தண்ணீர்! காலையில் பிடித்த ஒரு வாளியில் நூறு கிளாஸ்கள் முங்கி எழும். டீயில் இறந்த கிருமி கிளாஸின் விளிம்பில் உயிரோடு வந்து சேரும். மதுரை மாவட்டக் கிராமங்களில் இன்னொரு வகைக் கிளாஸ் பிரிவினையும் இருந்தது. சாதி பார்த்து வைத்த இரட்டைக் குவளை முறை அது. அந்தத் தனிக் குவளைக்கும் சுகாதாரத்துக்கும் எள்ளளவும் தொடர்பு இல்லை. கிருமிக்குச் சாதி தெரியாது. நோய்த்தடுப்புக்காகக் கிளாஸைக் கொதிநீரில் கழுவ யோசிக்காத இடத்தில், தீட்டுக்காக மட்டும் கிளாஸைப் பிரித்து வைத்தார்கள்.

மேஜர் மெக்னாட்டின் சோதனை

இலைக்குத் தனியாக ஏதேனும் ஆற்றல் உண்டா என்று முறையாகச் சோதித்தவர்களில் முன்னோடி, பிரிட்டிஷ் இராணுவ மருத்துவப் படையின் மேஜர் ஜே. ஜி. மெக்னாட். அவருடைய காலத்தைப் பார்த்தால் ஏன் இதில் இறங்கினார் என்பது விளங்கும். 1899–1902 போயர் போரில் டைபாய்டு மட்டும் ஏறத்தாழ 8,000 பிரிட்டிஷ் வீரர்களைக் கொன்றது. படைவீரனின் தண்ணீர்க் குடுவையில் என்ன நிரப்புவது என்பது உயிர்ப் பிரச்சினையாக இருந்தது.

1906இல் வெளியிட்ட ஆய்வில் அவர் ஆறிய தேநீரில் டைபாய்டு கிருமிகளைச் சேர்த்துப் பார்த்தார். ஆறிய தேநீர் என்பதைக் கவனிக்கவேண்டும். இங்கே வெப்பம் கிருமியைக் கொல்ல வாய்ப்பே இல்லை. 4 மணி நேரத்தில் கிருமிகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. 20 மணி நேரம் கழித்து அவற்றை மீட்டெடுக்கவே முடியவில்லை. மால்டா காய்ச்சலை உண்டாக்கும் கிருமியிலும் தேநீர் வேலை செய்தது. வீரர்களின் குடுவைகளில் தேநீர் நிரப்பலாம் என்று அவர் பரிந்துரைத்தார்.

இந்தச் சோதனையை நான் மிகவும் மதிக்கிறேன். கேள்வியைச் சரியாகப் பிரித்து, வெப்பத்தை விலக்கி, இலையை மட்டும் தனியே நிறுத்திய சோதனை அது. அவர் கேட்ட கேள்வி, குடுவையில் உள்ள பானம் குடிப்பதற்கு முன் தூய்மையாக இருக்குமா என்பது மட்டுமே. நோயாளிக்குத் தேநீர் கொடுத்தால் டைபாய்டு குணமாகுமா என்று அவர் கேட்கவில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் படித்த எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் பத்து நாளுக்கு மேல் பள்ளிக்கு வரவில்லை. வீட்டுக்குச் சென்று பார்த்தேன். விடாத காய்ச்சல். வீட்டில் எலுமிச்சை பிழிந்த பால் சேர்க்காத டீயைத்தான் வேளைக்கு வேளை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். டைபாய்டு கிருமி டீயில் சாகும் என்று யாரோ படித்துச் சொல்லியிருந்தார்கள். சொன்ன செய்தி பொய்யில்லை. குடுவையில் சாகும் என்பது மெய்தான். ஆனால் அவன் உடலில் கிருமி இருந்தது இரத்தத்திலும் மண்ணீரலிலும் கல்லீரலிலும். மருத்துவமனையில் சேர்த்து ஆன்டிபயாட்டிக் கொடுத்த பிறகு மெல்லத் தேறினான். குடலில் ஓட்டை விழும் நிலைக்கு இன்னும் அதிக நாள் இல்லை என்று மருத்துவர் சொன்னதை அவன் தந்தை தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். மெக்னாட்டின் பெயரைப் பின்னாளில் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்த வீட்டின் திண்ணைதான்.

டோக்கியோவும் இலண்டனும்

மெக்னாட்டுக்குப் பிறகு நீண்டகாலம் இந்தப் பேச்சு பின்னுக்குச் சென்றது. ஆன்டிபயாட்டிக் மருந்துகள் வந்த பிறகு தேயிலையைக் கொண்டு கிருமியைக் கொல்வதில் யாருக்கு ஆர்வம் இருக்கும்? வேதியியல் மட்டும் முன்னேறியது. 1929இல் ஜப்பானின் மிச்சியோ சுஜிமுரா பச்சைத் தேயிலையிலிருந்து கேட்டக்கினைப் படிக வடிவில் பிரித்தெடுத்தார். 1932இல் அந்நாட்டில் வேளாண்மையில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்மணி ஆனவர் அவரே.

1980களின் இறுதியில் டோக்கியோவின் ஷோவா பல்கலைக்கழகத்தில் தோடா, ஷிமாமுரா குழுவினர் மறுபடியும் தொடங்கினார்கள். 1989இல் அவர்கள் வெளியிட்ட முடிவுகள், தேயிலை எல்லாக் கிருமிகளையும் ஒரேபோல் தாக்குவதில்லை என்பதைக் காட்டின. சீழ்க்கட்டிகளை உண்டாக்கும் ஸ்டாபிலோகாக்கஸ், காலராவின் விப்ரியோ, கடலுணவு வழியே வயிற்றுப்போக்கு தரும் மற்றொரு விப்ரியோ ஆகியவை எளிதில் கட்டுப்பட்டன. சூடோமோனாஸ் கட்டுப்படவில்லை. அன்றாடம் குடிக்கும் அடர்த்தியிலேயே தேநீர் சில கிருமிகளைக் கொன்றது என்பதும் அவர்கள் கண்ட முடிவு. அடுத்த சில ஆண்டுகளில் முயல் குடலில் செய்த சோதனைகளில், காலரா நச்சினால் குடலில் நீர் கோத்துக்கொள்வதைக் கேட்டக்கின்கள் குறைத்ததையும் காட்டினார்கள்.

இதே காலத்தில்தான் 1992இன் இறுதியில் சென்னையிலும் மதுரையிலும் ஒரு புதிய காலரா தலைகாட்டியது. அதுவரை ஓ1 என்ற வகை மட்டுமே கொள்ளைநோயாகப் பரவும் என்று கருதியிருந்தார்கள். இந்தப் புதிய வகைக்கு ஓ139 என்று பெயரிட்டார்கள். முன்பு காலரா வந்து எதிர்ப்பாற்றல் பெற்ற பெரியவர்களையும் அது தாக்கியது. சில மாதங்களில் கொல்கத்தாவையும் வங்கதேசத்தையும் அடைந்தது. அப்போது நோயாளிகளைக் காப்பாற்றியது தேயிலை அன்று. உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரும் சிரைவழி ஏற்றிய உப்பு நீரும்தான். 1971இல் வங்கதேச அகதிகள் முகாம்களில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் பெருமளவில் பயன்படுத்தி, இறப்பு விகிதத்தை ஏறத்தாழ 30 சதவீதத்திலிருந்து 4 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்த அதே கரைசல். காலராவில் ஆளைக் கொல்வது உடலிலிருந்து வெளியேறும் நீர். அதை ஈடுகட்டினால் கிருமியை உடலே சில நாளில் வெளியேற்றிவிடும்.

தேயிலையின் மிக வியப்பான செய்தி வேறொரு கிருமி பற்றியது. மெதிசிலின் உள்ளிட்ட பல மருந்துகளுக்கு அடங்காத ஸ்டாபிலோகாக்கஸ், மருத்துவமனைகளின் பெரிய தலைவலி. 1990களில் இலண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஹாமில்டன்-மில்லரும் அவருடைய குழுவினரும், தேயிலைச் சாறு இந்தக் கிருமியின் எதிர்ப்பைத் தளர்த்துவதைக் கண்டார்கள். 2001இல் ஷிமாமுரா குழுவினர் எபிகேலோகேட்டக்கின் கேலேட் என்னும் முதன்மைக் கேட்டக்கின், பென்சிலின் இன மருந்துகளோடு சேர்ந்து செயல்படும் விதத்தை விளக்கினார்கள். அந்த மருந்துகளைப் போலவே இந்தக் கேட்டக்கினும் கிருமியின் செல்சுவரைத் தாக்குகிறது; இருவரும் ஒரே சுவரை இடிப்பதால் சுவர் விழுகிறது.

கிருமிகளுக்கிடையே உள்ள வேறுபாட்டுக்கும் சுவரே காரணம். ஸ்டாபிலோகாக்கஸின் தடித்த சுவர் வெளியே திறந்து கிடக்கிறது. கேட்டக்கின் நேராக அதில் ஒட்டிக்கொள்ளும். ஒரு மில்லிலிட்டருக்கு 50 முதல் 100 மைக்ரோகிராம் போதும். ஈ. கோலை போன்றவற்றின் சுவருக்கு வெளியே கொழுப்பும் சர்க்கரையும் கலந்த மற்றொரு உறை உண்டு. அது கேட்டக்கினைத் தள்ளி நிறுத்துவதால் 800 மைக்ரோகிராமுக்கு மேல் தேவைப்படுகிறது.

கோப்பைக்கும் குருதிக்கும் இடையில்

இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடலாம். ஒரு கோப்பை பச்சைத் தேநீரில் ஏறத்தாழ 50 முதல் 100 மில்லிகிராம் எபிகேலோகேட்டக்கின் கேலேட் இருக்கும். கோப்பையில் இருக்கும்போது அதன் அடர்த்தி கிருமியைத் தடுக்கப் போதுமானது. குடித்த பிறகு அதில் மிகச் சிறு பங்கே இரத்தத்தில் சேர்கிறது. ஓரிரு கோப்பை குடித்தவரின் இரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம்கூடத் தேறாது. தேவை 50, கிடைப்பது ஒன்றுக்கும் குறைவு. கோப்பை கோப்பையாகக் குடித்தாலும் இந்த இடைவெளி அடையாது.

மதுரை டீக்கடையின் டீக்குக் கணக்கு இன்னும் பாதகமானது. பச்சைத் தேயிலையில் கேட்டக்கின் அப்படியே இருக்கிறது. டீத்தூள் செய்யும்போது நசுங்கிய இலையின் நொதி கேட்டக்கின்களைச் சிவப்புநிறப் பொருள்களாக மாற்றிவிடுகிறது. இதைத் தொழிற்சாலைகளில் 'நொதித்தல்' என்பார்கள். இட்லி மாவு புளிப்பதைப் போல இதில் நுண்ணுயிர் எதுவும் வேலை செய்வதில்லை, இலையின் சொந்த நொதியும் காற்றும் மட்டுமே. மாறிய பொருள்களுக்கும் ஓரளவு கிருமி எதிர்ப்பு உண்டு. மெக்னாட் பயன்படுத்தியது அத்தகைய தேநீரே. அதன்பின் பால் சேர்க்கிறோம். பாலின் கேசின் புரதத்தைத் துவர்ப்புப் பொருள் பற்றிக்கொள்வதால்தான் டீயின் துவர்ப்பு அடங்கி ருசி வருகிறது. பாலோடு கைகோத்த துவர்ப்பு கிருமியைப் பற்ற மிச்சமிருப்பது குறைவு. சர்க்கரை வேறு கிருமிக்கு உணவாகிறது. டீக்கடை வடிகட்டிப் பையில் இரண்டு நாள் கிடந்த டீத்தூளில் பூஞ்சை பூத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு, 'கிருமிநாசினி' என்ற பட்டத்தைத் தேயிலைக்கு அப்படியே கொடுத்துவிட முடியாது என்பது புரியும்.

இரத்தத்தை எட்டாமல் நேரடியாகப் படும் இடங்களில் தேயிலைக்கு வாய்ப்பு உண்டு. பல் சொத்தை உண்டாக்கும் வாய்க்கிருமிகளைக் கேட்டக்கின்கள் தடுப்பதால், சர்க்கரை சேர்க்காத தேநீர் பற்களுக்கு நல்லது என்பதற்கு அடிப்படை இருக்கிறது. 2006இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் தாவரச் சாறு ஒன்றைப் பரிந்துரை மருந்தாக முதன்முதலில் ஏற்றது. அது பச்சைத் தேயிலைக் கேட்டக்கின்களால் ஆன களிம்பு. பிறப்புறுப்பின் வெளிப்புறத்தில் வைரசால் தோன்றும் மருக்களுக்கு அதை மேலே பூசவேண்டும். வாய்வழி உண்பதற்கு அன்று.

சாறு நல்லதென்றால் அடர்த்தியைக் கூட்டி மாத்திரையாக விழுங்கினால் என்ன என்று சிலர் கேட்பார்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் இதை ஆராய்ந்தது. ஒரு நாளைக்கு 800 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் எபிகேலோகேட்டக்கின் கேலேட்டை மாத்திரையாக உட்கொள்வோரிடம் கல்லீரல் பாதிப்பின் அறிகுறியான நொதிகள் இரத்தத்தில் கூடுவதாக அது கூறியது. வழக்கமாகக் காய்ச்சிக் குடிக்கும் தேநீரில் இந்த அச்சம் இல்லை. பள்ளி மாணவிகளுக்கு வேறொரு குறிப்பு: துவர்ப்புப் பொருள் உணவிலுள்ள இரும்புச் சத்தையும் பற்றிக்கொள்ளும். பள்ளியில் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையை டீயோடு விழுங்கினால் மாத்திரையின் பயன் பெரிதும் குறையும். ஆசிரியர் அறையிலேயே இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அகார் தட்டில் ஒரு வட்டம்

மதுரைக்கு நுண்ணுயிரியல் ஏடுகளில் ஏற்கெனவே ஓர் இடம் உண்டு. 1842இல் இங்கு பணியாற்றிய மருத்துவர் ஜான் கில், வெறுங்காலோடு வயலில் உழைப்பவர்களின் பாதம் வீங்கிப் புண்ணாகும் நோயைப் பதிவு செய்தார். 'மதுரைக் கால்' என்று உலகம் அதை அழைத்தது. அதை உண்டாக்கும் கிருமிகளில் ஒன்றின் பெயர் ஆக்டினோமதுரா மதுரே. இன்று நகரின் கல்லூரிகளில் நுண்ணுயிரியல் படிக்கும் மாணவர்களுக்குத் தேயிலைச் சாற்றுச் சோதனை எளிதில் செய்யக்கூடிய ஒன்று. தட்டில் முல்லர்-ஹின்டன் அகார் ஊற்றி, கிருமியைப் பரப்பி, 6 மில்லிமீட்டர் குழிகள் வெட்டி, சாற்றை விட்டு, 37 பாகை செல்சியசில் ஒரு நாள் வைத்தால், சாறு வேலை செய்த இடத்தில் கிருமி வளராத தெளிந்த வட்டம் தோன்றும். வட்டத்தின் விட்டத்தை அளந்து எழுதவேண்டும்.

செய்பவர்கள் இரண்டைக் கவனிக்கவேண்டும். சாற்றை மெத்தனாலில் எடுத்திருந்தால், மெத்தனால் மட்டும் விட்ட ஒரு குழியும் அதே தட்டில் இருக்கவேண்டும். இல்லையென்றால் கிருமியைக் கொன்றது இலையா, கரைப்பானா என்று தெரியாது. துவர்ப்புப் பொருளின் பெரிய மூலக்கூறுகள் அகாரில் மெதுவாகவே பரவும் என்பதால், வட்டம் சிறியது என்பதற்காக ஆற்றல் குறைவு என்று எழுதிவிடவும் கூடாது. தோடா குழுவினருக்கே இது நேர்ந்தது: குழி முறையில் அடங்காததுபோல் தெரிந்த ஒருவகை ஈ. கோலை, தேநீரில் நேரடியாக இட்டுப் பார்த்தபோது இறந்தது.